இரண்டு கார்ட் போடுகிற கமரா

என்னிடம் இரண்டு கமராக்கள் இருக்கின்றன. இரண்டும் மிரர்லெஸ், இரண்டும் ஒரே மொடல், இரண்டும் கிழடு. ஒன்றின் பிடியில் ரப்பர் உரிந்துபோய், சைக்கிள் டியூப் வெட்டி ஒட்டியிருக்கிறேன். மற்றதுக்கு மண்டபத்தில் வெளிச்சம் கொஞ்சம் குறைந்தால் போதும், எதைப் பிடிப்பது என்று தெரியாமல் ஃபோகஸ் முன்னும் பின்னும் அலையும். அந்த நேரத்தில் அதைத் தூக்கிக் கடலில் எறியலாம் போல வரும். துறைமுகத்து உப்புக்காற்றுக்கு இந்த ஊரில் இரும்புக் கேற்றே நிற்பதில்லை, இந்தச் சாமான் எந்த மூலைக்கு?

என் வேலை பொம்பிளைப் பக்கம் படம் எடுப்பது. மூதூர், கிண்ணியாப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் கலியாணம் என்றால் ஆண்கள் ஒரு மண்டபம், பெண்கள் ஒரு மண்டபம். பெண்கள் மண்டபத்தின் வாசலில் திரை தொங்கும். திரைக்கு உள்ளே வந்ததும் முக்காடு இறங்கும், பூவும் நகையும் சிரிப்பும் வெளியே வரும். உள்ளே வருகிற எல்லாருடைய போனையும் பெண்ணின் சாச்சி ஒருத்தி கூடையில் வாங்கி வைத்துக்கொள்வா. என் கமரா மட்டும்தான் உள்ளே போகும். நான் தமிழச்சி, வேற்று ஊர்க்காரி. ஆனாலும் அந்தத் திரைக்குள் என்னை விடுவார்கள்.

விடுவதற்கு ஒரு காரணம் இருந்தது. எல்லாம் முடிந்ததும் பெண்ணின் தாய்க்கு முன்னால் நின்று கமராவின் மூடியைத் திறப்பேன், படங்கள் பதிந்த கார்டை எடுத்து அவவின் கையில் வைப்பேன். பிறகு ஒருநாள் அவர்கள் வீட்டுக்கே போய், அவர்களின் கதிரையில் இருந்து படங்களைத் தெரிந்து, திருத்தி, என் சின்னப் பிரிண்டரில் அடித்துக் கொடுப்பேன். என் லப்டொப்பில் ஒரு மயிரிழையும் மிஞ்சாது. முதல் கலியாணத்தில் பெண்ணின் தாய், அக்கா முறையில் நான் ராத்தா என்று கூப்பிடுகிறவர், கையை நீட்டினார், நான் கார்டை வைத்தேன். அவ்வளவுதான். யாரும் எழுதிக் கையெழுத்து வாங்கவில்லை. ஆனால் பிறகு அதுவே என் பெயராகிவிட்டது. "கார்டக் கையில தாற அக்காவக் கூப்பிடுங்க" என்பார்கள். அந்தப் பெயர் இல்லாவிட்டால் நான் யார்? கழுத்தில் கமரா தொங்குகிற இன்னொருத்தி. அப்படி ஆயிரம் பேர் திரிகிறார்கள்.

புதுக் கமரா ஆசை எனக்குச் சும்மா வரவில்லை. கிண்ணியாவில் ஒரு கலியாணத்தில், பெண் மேடைக்கு வந்து அமர்ந்த கையோடு, கிழடுகளில் ஒன்று கார்டில் பிழை என்று சொல்லி அப்படியே நின்றுவிட்டது. அதுவரை அதில் எடுத்ததெல்லாம் போய்விட்டது. கடைக்காரத் தம்பி ஒருவர், கமரா வாடகைக்கும் கொடுத்து விற்கவும் செய்கிறவர், "அழிஞ்ச படத்தையும் நான் திருப்பி எடுத்துத் தருவன், கார்டைத் தாங்கோ" என்றார். பெண் வீட்டார் வேண்டாம் என்றுவிட்டார்கள். ஒரு ஆண்பிள்ளை பார்த்து மீட்டுத் தருகிற படத்தைவிடப் படமே இல்லாதது அவர்களுக்கு மேல். அந்தப் பிள்ளை அழுத சத்தம் இன்னும் என் காதில் நிற்கிறது.

அதற்குப் பிறகு வீட்டில் வேறு கதையே இல்லை. என் மனுசன் ஹாபரில் பாரந்தூக்கி இயக்குகிறவர். பழைய இயந்திரம் என்றாலே அவருக்கு விசர் வரும்.

"அந்தக் கிழட்டுச் சாமான்களோட ஏன் மாரடிக்கிறீர்? புதுசை எடும்" என்றார்.

"எடும் எண்டு சொல்ல உங்களுக்கு வாய் இருக்கு. இந்த ரெண்டையும் என்ன செய்யிறது? தொட்டிலில போட்டு ஆட்டுறதோ?"

"அலுமாரிக்குள்ள கிடக்கட்டும். நீரும்தான் எத்தனை சீலையை உடுக்காமல் வச்சிருக்கிறீர்."

 மனம் ஒரு பக்கம் நிற்கவில்லை. பழையதன் ஒவ்வொரு பட்டனும் என் விரலுக்குத் தெரியும், கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். புதியதை எடுத்தால் திரும்பவும் அரிச்சுவடியில் இருந்து தொடங்க வேண்டும். இன்றைக்கு எடுப்பதென்று எழும்புவேன், மத்தியானம் வேண்டாம் என்று சோற்றைப் போட்டுக்கொண்டு இருப்பேன்.

கடைசியில் துறைமுகத்துக்குப் போகிற ரோட்டில் இருக்கிற அந்தத் தம்பியின் கடைக்குப் போனேன். அவர் என்னை அவசரப்படுத்தவில்லை.

"வாங்கிப்போட்டு அழாதேங்கோ அக்கா. ஒரு கலியாணத்துக்குக் கொண்டுபோய் எடுத்துப் பாருங்கோ. பிடிச்சா எடுங்கோ, இல்லாட்டித் திருப்பித் தாங்கோ."

புதுக் கமரா கண்ணைத் தானாகத் தேடிப் பிடிக்கும் என்றார். சத்தமே போடாமல் எடுக்கும் என்றார். பிறகு பக்கத்து மூடியைத் திறந்து காட்டினார். மேலே ஒரு கார்ட், கீழே ஒரு கார்ட். "ஒண்டில எடுக்கிறது மற்றதிலயும் விழும் அக்கா. ஒண்டு பழுதாப் போனாலும் மற்றது இருக்கும்." கிண்ணியாப் பிள்ளையின் அழுகை நினைவுக்கு வந்தது. இனி அப்படி ஒரு பிள்ளை அழ வேண்டியதில்லை என்று நினைத்தேன். பாதி மனம் அந்த இடத்திலேயே விழுந்துவிட்டது.

கலியாணம் மூதூரில். முதன்முதல் கை நீட்டிய அந்த ராத்தாவின் வீடு. மூத்த மகளுக்கும் நான்தான் எடுத்தேன், இது நடுமகள், இன்னும் ஒருத்தி இருந்தாள். என் கார்டை மேல் துவாரத்தில் போட்டுக்கொண்டு போனேன்.

சும்மா சொல்லக்கூடாது, அது கமரா! பெண்ணின் கண்ணில் ஒரு சின்னப் பச்சைப் பெட்டி போய் இலையான் மாதிரிக் குந்திக்கொண்டது. அவள் திரும்பினால் அதுவும் திரும்பியது. பூ வைப்பதற்காக அவள் தலைமுடியை அவிழ்த்துவிட்டு ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தாள், அதையும் பிடித்தேன். பல்லில்லாத ஒரு மூத்தம்மா றபான் அடித்துப் பாட, குமருகள் கைகொட்டிச் சுற்றிச் சுற்றி ஆடினார்கள். "என்டயும் எடு புள்ள, பல்லு இல்லாட்டி என்ன, சிரிப்பு இரிக்கிதானே" என்று அவ என் கன்னத்தைக் கிள்ளினா. நான் எடுத்துக் காட்டியதும் தன்னைத்தானே பார்த்து விழுந்து விழுந்து சிரித்தா. இந்தக் கமராவை விடுவதில்லை என்று அந்த நிமிடத்தில் முடிவெடுத்துவிட்டேன். எத்தனை காலத்துக்குப் பிறகு எனக்கு வேலை சந்தோசமாக இருந்தது!

முடிந்ததும் வழமைபோல ராத்தாவுக்கு முன்னால் நின்று மூடியைத் திறந்தேன். கார்டை எடுத்து அவரின் கையில் வைத்தேன். மூடியைச் சாத்தினேன். பழகிய கை. அதற்குத் தெரிந்தது ஒரு கார்ட்தான்.

அடுத்த நாள் காலையில், எடுக்கிறேன் என்று சொல்வதற்காகவே கடைக்குப் போனேன். வாயெல்லாம் பல். தம்பி கமராவை வாங்கி, எல்லாம் சரியா என்று பார்க்க அதை ஓன் பண்ணிப் பட்டனை அமத்தினார். திரையில் பெண் வந்தாள். முடியை அவிழ்த்துவிட்டு, நிமிர்ந்து எங்கள் இருவரையும் பார்த்தாள்.

அவர் சட்டென்று கமராவை மேசையில் கவிழ்த்து வைத்தார். முகம் கறுத்துப் போய்விட்டது.

"அக்கா, கீழ என்ர கார்ட் கிடந்திருக்கு. உங்களுக்குக் காட்டினபிறகு எடுக்க மறந்துபோனன். ஆணை, நான் ஒண்டும் பார்க்கேல்ல."

அட கோதாரியே!  இரண்டாவது கார்ட் இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அதற்காகத்தானே இந்தக் கமராவில் விழுந்தேன். தெரிந்தும் கை ஒன்றை மட்டும் எடுத்திருக்கிறது.

"இப்பவே அழிச்சுவிடுவம்," என்றார் தம்பி மெல்ல. "ஆருக்குத் தெரியப்போகுது?"

அவர் நல்ல மனத்தோடுதான் சொன்னார். ஆனால் அழிந்த படத்தைத் திருப்பி எடுப்பேன் என்று சொன்னவரும் அவர்தான். எது அழியும், எது அழியாது என்று இனி எனக்கு எப்படித் தெரியும்? அந்தப் பிள்ளையின் படத்தை என்ன செய்வதென்று நாங்கள் இருவரும் கடைக்குள் நின்று தீர்மானிக்கவும் கூடாது. கார்டைக் கழற்றித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு, கமராவை மேசையிலேயே விட்டுவிட்டு, மூதூர் பஸ் ஏறினேன். பாலத்தைக் கடக்கும்போது கார்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எறிந்துவிடு, எறிந்துவிடு என்று தண்ணீர் முழுக்கக் கூப்பிட்டது. மனம் கேட்கவில்லை.

"என்ன தங்கச்சி, வெள்ளனக்கே வந்திரிக்கிங்க?" என்றார் ராத்தா. கலியாண வீட்டுக் களைப்பு முகத்தில் இருந்தது. நான் இருக்காமல், நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிக் கார்டை நீட்டினேன்.

"யாரு பாத்த?"

"ஒருத்தரும் பார்க்கேல்ல ராத்தா. ஒரேயொரு படம் தெரிஞ்சது. அந்தத் தம்பி உடன கவிட்டு வச்சிட்டார்."

"எந்தப் படம்?"

சொன்னேன். அவர் கதிரையில் மெதுவாக அமர்ந்தார். குசினிக்குள் இருந்து கலியாணச் சட்டிகள் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"நீங்க சொல்லாம உட்டிருந்தா எனக்குத் தெரியவா போற?" என்றார் கடைசியில். "நீங்க நல்ல மனிசி. உங்கள நான் நம்புறன். ஆனா மருமகன்ட உம்மாக்கு நான் இத மறைக்க ஏலாது. அவங்கட ஊட்டுப் பொம்பிளைகளும் அந்தக் கார்டுல இரிக்காங்க."

தேத்தண்ணி தந்தார். வட்டிலப்பம் பொதி பண்ணித் தந்தார். வாசல்வரைக்கும் வந்து வழியனுப்பினார். என்னை ஏசியிருந்தால் நானும் அழுது, மன்னிப்புக் கேட்டு, எப்படியாவது ஒரு முடிவுக்கு வந்திருப்பேன்.

அதற்குப் பிறகு போன் வரவு குறைந்தது. பேசியிருந்த ஒரு கலியாணத்தில் "சொந்தத்துல ஒரு புள்ள எடுக்காம்" என்றார்கள். இன்னொன்றில் படமே வேண்டாமாம். யாருடைய குரலிலும் கோபம் இல்லை. என் மனுசன் மட்டும், ஒன்றும் நடக்காததுபோல, "அப்ப அந்தக் கமராவை எடுக்கிறதோ, விடுறதோ?" என்று கேட்டார். "எடுத்து என்ன, ஹாபரில நிக்கிற கப்பலைப் படம் பிடிக்கிறதோ?" என்று கத்திவிட்டு, குசினிக்குள் போய் நின்று அழுதேன்.

நம்புகிறேன் என்று சொன்ன ராத்தா வார்த்தை மாறாதவர். கடைசி மகளின் கலியாணத்துக்கு என்னைத்தான் கூப்பிட்டார். ஒரு நம்பிக்கை எட்டிப் பார்த்தது, பொய் சொல்லமாட்டேன். கிழடுகள் இரண்டையும் துடைத்து, பட்டரி ஏற்றி, டியூபைப் புதிதாக ஒட்டிக்கொண்டு போனேன். திரைக்குள் நுழைந்ததும் எல்லாரும் பார்க்கத்தக்கதாக மூடிகளைத் திறந்து பிடித்தேன்.

"பாருங்கோ, ஒவ்வொண்டிலயும் ஒரு கார்ட்தான் போடலாம். இது பழசு."

"மூடுங்க தங்கச்சி," என்றார் ராத்தா. "யாரும் கேக்கல்லயே."

அது உண்மை. யாரும் கேட்கவில்லை. இடம் விட்டார்கள், சோற்றில் இறைச்சியை அள்ளி அள்ளி வைத்தார்கள். பிறகு நான் கமராவைத் தூக்கினேன். பல்லில்லாத அந்த மூத்தம்மா என்னைப் பார்த்து அன்பாகத் தலையாட்டிவிட்டு, முக்காட்டை இழுத்துப் போட்டு வாயைப் பொத்திக்கொண்டா. பக்கத்தில் இருந்தவவும் போட்டா. அதற்கடுத்தவவும். நான் கமராவைத் திருப்பிய பக்கமெல்லாம் முக்காடுகள் ஏறிக்கொண்டே போயின. மேடையில் இருந்த பெண் தாயைப் பார்த்தாள். தாய் நிலத்தைப் பார்த்தார். அவளும் சீலைத் தலைப்பை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். என் கமரா எதைப் பிடிப்பது என்று தெரியாமல் முன்னும் பின்னும் அலைந்தது. அன்றைக்கு எனக்கு அதன்மேல் கோபம் வரவில்லை.

எல்லாம் முடிந்து இரண்டு கார்டையும் எடுத்து ராத்தாவின் கையில் வைத்தேன். அவரும் வழமைபோல அவற்றைக் கைக்குள் பொத்திக்கொண்டார். பொத்தி வைக்க வேண்டிய படம் ஒன்றுகூட அவற்றில் இல்லை.