செகண்ட் கியரின் ஜெட் கார்

மனைவியின் பவுடர் பிரஷ்ஷால் பெட்டியின் நாலு மூலையையும் வருடிவிட்டு, மூச்சுக் காற்று படாமலிருக்க முகத்தைத் திருப்பிக்கொள்வார் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். பல் தேய்ப்பதற்கும் முந்தைய வேலை இது. பெட்டிக்குள் சாண் நீளத்தில் ஒரு குட்டி ஜெட் கார். தரையில் ஓடிய வண்டிகளிலேயே அதிவேகமானது என்று உலகச் சாதனை படைத்த காரின் அச்சு அசலான மாதிரி. பென்சிலுக்கு வால் முளைத்ததுபோல் இருக்கும். பெட்டிமேல் கம்பெனி ஒட்டிய 'சீல்' பிரிந்தால் மதிப்பு போய்விடுமாம். அதனால் அந்த அதிவேக வண்டி, வந்த நாள் முதலாக ஷோகேஸில் அசையாமல் உட்கார்ந்திருந்தது.

வாத்தியாருக்கு நாங்கள் வைத்த பெயர் 'செகண்ட் கியர்'. அவரிடம் கார் பழகும் எனக்கு மூன்றாம் கியர் என்பது வெகுநாள் வரை கேள்விப்பட்ட சங்கதிதான். காலியான சாலையில் கொஞ்சம் அழுத்தினால் போதும், தன் பக்கம் இருக்கும் பிரேக்கை ஓங்கி மிதித்து, "எங்க சார் அவசரம்? ஆஸ்பத்திரிக்கா? அது நாளைக்கும் அங்கயேதான் இருக்கும்" என்பார். ஆனால் பேச்செல்லாம் ஜெட் கார்தான். "வண்டி முன்னால போயிடும் சார். சத்தம் அப்புறமா தேடிக்கிட்டு வரும்!" என்று அவர் பரவசப்படும்போது ஒரு தள்ளுவண்டி எங்களை முந்திக்கொண்டு போகும். பெட்டி தபாலில் வந்த நாளன்று அதை முன் சீட்டில் வைத்து, பெல்ட் மாட்டி, மனைவியைப் பின் சீட்டுக்கு அனுப்பியவர் இவர்.

அவர் நிம்மதியைக் கெடுத்தவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். அவருக்கும் இந்தக் குட்டிக் கார்ப் பைத்தியம் உண்டு. "போலி நெறைய வருதுங்க. அசல்னா சக்கரம் சுத்தும். போலில ஒட்டிவெச்சிருப்பான்" என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். சுற்றுகிறதா என்று பார்க்கச் சீலைப் பிரிக்க வேண்டும். பிரித்தால் அசலும் பாழ். பிரிக்காவிட்டால், தினமும் ஒரு போலிக்குத்தான் பிரஷ் போடுகிறோமோ என்ற சந்தேகம் அரித்தது. வாத்தியார் டார்ச் அடித்துப் பார்த்தார். பெட்டியைச் சாய்த்துக் காதோடு வைத்துக் கேட்டார். நேற்று நான் கை தவறி மூன்றாம் கியருக்குப் போனதைக்கூடக் கவனிக்கவில்லை. எனக்கு பயமாகிவிட்டது, பாவமாகவும் இருந்தது. காரைத் திருப்பி அவரை வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

மேஜையில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. நடுவில் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"பாருங்கண்ணா, கொஞ்ச நாளா இதே கூத்துதான்" என்றார் அவர் மனைவி என்னிடம். "கல்யாணத்துக்கு முன்னால என்னைப் பத்திகூட இவர் இவ்ளோ விசாரிக்கல."

"இது போலின்னு ஆயிடுச்சுன்னா நான் என்ன பண்ணுவேன், சொல்லு?" என்றார் வாத்தியார்.

"சாப்பிடுவீங்க. அசல்னாலும் சாப்பிடத்தான் வேணும்."

சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் கத்தரிக்கோலை எடுத்தார். சீல் போயிற்று. 'ஐயோ' என்ற சத்தம் வாத்தியாரிடமிருந்து அதற்குப் பிறகுதான் வந்தது. காரை வெளியே எடுத்து மேஜைமேல் வைத்து, அம்மாள் விரலால் ஒரு சுண்டு சுண்டினார்.

சக்கரம் சுற்றியது. சுற்றியதோடு நிற்காமல், தட்டையும் டம்ளரையும் தாண்டி மேஜையின் மறு ஓரத்துக்கு ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது கார். அந்த ஓரத்தில்தான் வாத்தியார் இருந்தார். கையை நீட்டியிருந்தால் போதும்.

அவர் இரண்டு கைகளாலும் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டு, வலது காலால் தரையை ஓங்கி மிதித்தார்.