திரும்பி நின்றபோது அடங்கிய இரைச்சல்

கீரமங்கலம் கோயில் திருவிழாவில் எங்கள் கச்சேரி. முதல் பாட்டிலேயே என் பேஸ் கிட்டாரோடு சேர்ந்து ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் கிளம்பியது. கூட்டம் முணுமுணுத்தது. விழாக் கமிட்டித் தலைவர் மேடையேறி, மைக் செட்காரர் ராசுவிடம், “சரி பண்ண முடியலன்னா கழட்டிட்டுப் போயிருங்க” என்றார்.

“ஒங்க வயருதான் சரியில்லண்ணே” என்றேன் நானும். ராசு ஒவ்வொரு வயராகப் பிடுங்கி மாட்டினார்.

இன்னும் திட்டுவதற்காக அவர் பக்கம் திரும்பினேன். இரைச்சல் அடங்கியது. கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினேன், மறுபடி வந்தது. எதிரே அம்மன் உருவத்தில் சீரியல் பல்புகள். கிட்டார் கம்பிகளுக்கு அடியில் அதிர்வை வாங்கும் இரண்டு பிக்கப்பில், கணீரென்று கேட்க வேண்டுமென்று ஒன்றை மட்டும் வைத்து வாசித்துக்கொண்டிருந்தேன். அது பல்புகளின் இரைச்சலையும் சேர்த்து இழுத்திருக்கிறது. இரண்டின் வால்யூமையும் சமமாக்கினேன். ஒன்றின் இரைச்சலை மற்றொன்று அடித்துவிட, பேஸ் மட்டும் கனமாக ஒலித்தது.

“இதை மொதல்லயே பாத்திருக்கலாம்ல” என்றார் தலைவர் ராசுவிடம். நான் குமிழைத் திருகியதைப் பார்த்திருந்த ராசு, “சரிங்க” என்று மட்டும் சொன்னார்.

எந்த மேடையில் இரைச்சல் வந்தாலும் இப்போது முதலில் நான்தான் திரும்பி நின்று பார்க்கிறேன். அன்று, ‘கோளாறு என் கிட்டார்லதான்’ என்று சொல்ல மைக் என் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது.