மலையக்கா தொட்ட தரை

அந்த இரண்டு நாட்களில் நடந்தவை, வரிசையாக:

1. மழையில் ஏலக்காட்டுச் சரிவில் ஒரு மரம் சாய்ந்து, அடியில் காய் பறித்துக்கொண்டிருந்த பெண்ணின் வலது காலை நசுக்கியது.
2. ஜீப்பு ஏற வழியில்லை. கம்பளியை மூங்கிலில் தூளியாகக் கட்டி நான்கு பேர் அவரைப் போடி ஆஸ்பத்திரிக்குச் சுமந்து வந்தார்கள். சின்ன மகள் பின்னாலேயே நடந்து வந்தாள்.
3. முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று.
4. மறுநாள் காலை, அவருக்காக நான் குனிந்து தரையைத் தொட்டேன்.

நான்காவதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

அப்போது நான் நர்ஸ் பயிற்சி முடித்து அந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்த புதிது. வார்டில் எல்லோரும் அவரை மலையக்கா என்றார்கள். புருஷன் இல்லை. அந்த மகளும், எஸ்டேட் வேலையாட்கள் குடியிருக்கும் லயத்தில் ஓர் அறையும்தான் அவருக்கு இருந்தவை.

ஏலக்காய் கிளையில் காய்ப்பதில்லை. தூரில், மண்ணை ஒட்டிப் படரும் சரத்தில் காய்க்கும். குனியாமல் ஒரு காய்கூடக் கைக்கு வராது. நாளின் முதல் தூரில் குனியும்போதே மண்ணைத் தொட்டு, கிடைத்த ஏதோ ஒன்றுக்கு நன்றி சொல்வது மலையக்காவின் வழக்கம். ஒருமுறை சொன்னதை மறுமுறை சொல்லக் கூடாது. அது அவரே வைத்துக்கொண்ட விதி.

காலை எடுத்த மறுநாள், கண் விழித்ததும் கட்டிலிலிருந்து கையை நீட்டினார். தரை எட்டவில்லை.

"தாயி, எனக்காகக் கொஞ்சம் குனிஞ்சு தரையைத் தொடு. சொல்ல வேண்டியத நான் சொல்லிக்கிறேன்."

சொல்ல என்ன இருக்கப்போகிறது என்று நினைத்தபடியே குனிந்து தொட்டேன். சிமெண்டுத் தரை சில்லென்றிருந்தது. தலைக்கு மேலே அவர் குரல் கேட்டது. "நேத்துப் பூரா வலியில எம்மக அழுதது காதுல விழலே. இன்னைக்கு விழுந்துச்சு. அதுக்கு."

நிமிர எனக்குச் சற்று நேரமாயிற்று.

பக்கத்துக் கட்டிலில் இருந்த ராசிங்காபுரத்து ஆத்தாவுக்குப் பொறுக்கவில்லை. "காலே போச்சு, இன்னும் என்னத்தடி கும்புடுறே?"

"இனிமே காட்டுல அட்டைக் கடிக்குப் பயந்து ஒரு காலுக்குத்தான் சுண்ணாம்பு தடவணும், ஆத்தா. பாதிச் சோலி மிச்சம்."

வார்டே சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கால் போனதற்காக அவர் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. அதையும் எழுதிவிட வேண்டும்.

தையல் பிரித்த அன்று எஸ்டேட் கங்காணி வந்தார். காய் பறிக்க முடியாதவருக்கு லயத்தில் இடமில்லை. அதைச் சொல்லிவிட்டுத் துண்டை முறுக்கிக்கொண்டே, "நான் என்னத்தா செய்ய?" என்றார். மகளோடு இவர் எங்கே போவார் என்று யோசித்தேன். மலையக்கா கையை ஊன்றி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, பறிக்கத்தானே காலு வேணும்? போடிக் கடையில காய் பொறுக்குறவளுக உக்காந்துதானே பொறுக்குறாளுக? நீங்க லோடு எறக்குற கடையில ஒரு வார்த்தை சொல்லுங்க. வெரசாச் சொல்லுங்க."

கங்காணி தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலையும் குனிந்தேன். "கேக்க எனக்கு வாய் வந்துச்சே, அதுக்கு" என்றார்.

புண்ணை ஆற்றக் கற்றவள் நான். புண்ணோடு படுத்துக்கொண்டு ஒருத்தி நாள்தோறும் புதிதாக ஒன்றைத் தேடியெடுப்பதை எந்த வகுப்பிலும் கண்டதில்லை. அந்த வியப்பு இன்னும் அடங்கவில்லை.

இப்போதைய நிலை இது. மலையக்கா போடியில், கங்காணி சொல்லிவைத்த ஏலக்காய்க் கடையில் காய் தரம் பிரிக்கிறார். கடைக்குப் பின்னால் ஓர் அறையில் குடியிருக்கிறார். மகள் பள்ளிக்கூடம் போகிறாள். கட்டைக்கால் இன்னும் பழகவில்லை. மழை நாளில் இல்லாத கால் வலிக்கிறது. காலையில் காய்க்குவியல் முன் உட்கார்ந்ததும் குனிந்து தரையைத் தொடுகிறார். இப்போது அவர் கைக்கே எட்டுகிறது.