மாதாகுளம் பூங்கா

ஈரக் கதிர்க்கட்டை ஒரு நாள் அடுக்கி வைத்துவிட்டால், உள்ளே கை விடுகிறவருக்குச் சுடும்; புளித்த மாவும் வெந்த வைக்கோலும் கலந்ததுபோல ஒரு வாடை வரும். நான் ஏழாவது படித்த ஆண்டின் தை மாதம் முழுக்க எனக்கு அந்த வாடைதான். எதையும் தேதியோடு எழுத விரும்புகிறவன் நான். இதற்குத் தேதி கைவசம் இல்லை. மேட்டூர் தாமதமாகத் திறந்து குறுவை தவறிய ஆண்டு, பூதலூர்க் கடைத்தெருவில் எஸ்.டி.டி. பூத் வந்ததற்கு அடுத்த ஆண்டு என்று மட்டும் சொல்ல முடியும்.

எங்கள் ஊர் மாதாகுளம். முப்பது, நாற்பது வீடுகள், பெரும்பாலும் குத்தகைக்கு உழுத கத்தோலிக்கக் குடும்பங்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருந்த களத்தில்தான் ஊரே கதிரடித்தது. பட்டா மிராசுதார் பெயரில், புழக்கம் எங்களுடையது. அவர் அதை ஒட்டிய சில வயல்களோடு களத்தையும் மனை போடுகிறவர்களுக்கு விற்றபோது ஊர் எதிர்த்தது. சமாதானம் பேச வந்தவர் என் அப்பாவின் தம்பி லூர்துசாமி. துபாயிலிருந்து திரும்பி, மனைத் தரகு பார்த்துக்கொண்டிருந்தார். களத்தில் வீடு வராது, பூங்காதான் வரும், அதற்கு ஊர்ப் பெயரையே வைக்கிறார்கள் என்றார். “நம்ம பேர வச்சிட்டு நம்மளையே வெளிய நிறுத்துவானா?” என்று கேட்டார்.

ஊர் நம்பியது. எங்களுக்குத் தெரிந்தவரை, ஒரு பொருளின் மேல் பெயர் எழுதியிருந்தால் அது அந்தப் பெயர்க்காரருடையது. கோயில் மணி முதல் கல்யாணப் பாத்திரம்வரை அப்படித்தான். ஆட்சேபணை இல்லையென்று எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். பூங்காவின் பெயர்ப்பலகை நட்ட அன்று என் அத்தை பாத்திமா அதற்குச் சந்தனம் வைத்தார்.

மனைகளில் வீடுகள் வந்த பிறகு, அந்தத் தையில், சம்பா அறுத்த மூன்றாம் நாள் தூறல் பிடித்தது. வழக்கம்போலக் கட்டுகளைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனால், பூங்காவுக்குக் கம்பி கேட், கேட்டில் பூட்டு. உள்ளே, குடியிருப்போர் சங்கச் செயலாளராகியிருந்த லூர்துசாமி சித்தப்பா, சாவியோடு. புது வீட்டு மாடியிலிருந்த ஓர் அம்மாள், புல்தரையெல்லாம் பாழாகிவிடும் என்று அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அத்தை கட்டை இறக்கவில்லை. “பேரு எங்களுது, பூட்டு உன்னுதா லூர்து?”

சித்தப்பா அத்தையின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: “இது மாதாகுளம் நகர் பார்க்கு, அக்கா. அது வேற ஊரு.”

“அப்ப நீ எந்த ஊர்ல பொறந்த?”

கேட் திறக்கவில்லை. கட்டுகள் வாய்க்கால் கரையில் கிடந்து சூடேறின. பிறகு தார்ச்சாலையில் பரப்பினோம். பஸ் ஏறி நெல் நொறுங்கியது. முளைத்ததும் கறுத்ததுமாக இருந்ததைக் கொள்முதல் நிலையத்தில் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த பட்டத்துக்கு அப்பா குத்தகையை விட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனார். அவர் பின்னால் பாதித் தெரு போனது.

இருந்தவர்கள் பகையை ஒழுங்காக நடத்தினார்கள். மாதாகுளம் நகருக்கு வழி கேட்டவர்களை அத்தை எதிர்த்திசையில், ஒரத்தநாட்டுப் பக்கம் அனுப்பினார். சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு ஊரிலிருந்து ஒருவரும் போகவில்லை. சித்தப்பாவின் சாவுக்கு அத்தை போனார். அழாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார். நானும் சித்தப்பாவை மன்னிக்கவில்லை. இன்றும், படிக்கிற வெளிநாட்டு ஊர் வரலாறுகளில் ஒரே பெயரில் சிற்றூரும் பூங்காவும் இருக்கக் கண்டால், அந்தச் சிற்றூரில் இன்னும் யாராவது இருக்கிறார்களா என்றுதான் முதலில் தேடுகிறேன்.

இப்போது அறுவடை இயந்திரம் வயலிலேயே நெல்லைப் பிரித்து லாரியில் கொட்டிவிடுகிறது. கதிர்க்கட்டும் இல்லை, களத்துக்குத் தேவையும் இல்லை. நகரிலும் பாதி வீடுகள் பூட்டியிருக்கின்றன. பிள்ளைகள் கனடாவிலும் சிங்கப்பூரிலும். போன பொங்கலுக்கு முதல்முறையாக அந்தப் பூங்காவுக்குள் போனேன். நடைப்பயிற்சியில் இருந்த இளைஞர் ஒருவர் மரியாதையாகத்தான் நிறுத்தினார்.

“சார், இது ரெசிடென்ட்ஸுக்கு மட்டுங்க. நீங்க எங்கேருந்து வர்றீங்க?”

மாதாகுளம் என்றேன்.

“எந்தத் தெருங்க?”

நான் பிறந்த தெருவைச் சொன்னேன், குருசடித் தெரு.

அவர் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். “மாதாகுளத்துல அப்படி ஒரு தெரு இல்லீங்களே.”