மறுநாள் மீன் குழம்பு

கோபாலபுரத்தில் எங்கள் சமையலறைச் சுவரில் தினசரி காலண்டர் மாட்டும் ஆணி ஒன்று இருக்கிறது. அந்த ஆணியால்தான், நான் நான்தான் என்று ஊருக்கு நிரூபிக்க வேண்டி வந்தது.

பிளாக்செயினில், அதாவது எழுதியதை யாரும் அழிக்க முடியாத கணினிப் பேரேட்டில், ஓடும் ஒரு இணையதளத்தில் சமையல் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். பிடித்தவர்கள் ஓட்டுப் போடுவார்கள். ஓட்டுக்கேற்ப டோக்கன் என்கிற டிஜிட்டல் காசு சேரும். முதல் டோக்கன் விழுந்த அன்று தெருவுக்கே காபி போட்டுக் கொடுக்காத குறைதான். அதைவிடப் பெரிய வரவு, அங்கே கிடைத்த ஒரு தங்கை. ஊரூர் குப்பத்தில் மீன் விற்பவள். வலையில் வந்ததையெல்லாம் படமெடுத்துப் போடுவாள். நேரில் பார்த்ததில்லை. நான் அவளைத் திட்டாத நாளும், அவள் என்னைக் கலாய்க்காத நாளும் கிடையாது.

அந்தத் தளத்துக்குள் நுழைய நீளமாக ஒரு சாவி எழுத்து உண்டு. தொலைத்தால் தொலைத்ததுதான், மறுபடி கொடுக்க ஆபீஸும் இல்லை, ஆளும் இல்லை. அதனால் மகா புத்திசாலியாக அதைக் காலண்டர் அட்டையின் பின்னால் எழுதிவைத்தேன். புது வருஷம் பிறந்தது. பொங்கல் ஆஃபரில் தி. நகர் போய்ப் பழைய போனைக் கொடுத்துப் புதுசு வாங்கினேன். புது போன் சாவி கேட்டது. அட்டையைத் திருப்பினால், வெறும் அட்டை!

"பழைய காலண்டர் எங்கேங்க?"

"தாளெல்லாம் கிழிச்சாச்சே, இனிமே எதுக்குன்னு பேப்பர்காரர்கிட்ட போட்டுட்டேன்" என்றார் வீட்டுக்காரர், பெரிய உபகாரம் செய்தவர்போல. எனக்கு வந்த கோபத்தில் அன்று அவருக்கு வெறும் ரசம்தான்.

டோக்கன் போனது வயிற்றெரிச்சல்தான். ஆனால் தங்கையும் போய்விடுவாளோ என்பதுதான் பெரிய பயம். புதுக் கணக்குத் தொடங்கி, "நான்தான்டி" என்று எழுதினேன்.

"எங்க அக்கா மாரி நடிச்சி ஓட்டு வாங்கப் பாக்குறியா? வேற ஆளப் பாரு" என்று பதில் வந்தது.

நாங்கள் பேசிய பழங்கதையெல்லாம் எடுத்துவிட்டேன். "அல்லாம் இங்கியே எழுதிக் கீது. எவன் வேணா படிச்சிட்டு வந்து சொல்லுவான்" என்றாள். நியாயம்தான். அங்கே எழுதியது அழியாது, யாரும் படிக்கலாம். அவளிடம் சொல்ல என்னிடம் ஒரு ரகசியம்கூட மிச்சமில்லை. அழுதேவிட்டேன்.

மறுநாள் காலையில் அவள் ஒரு போஸ்ட் போட்டிருந்தாள்: 'மீன் கொழம்ப வச்ச அன்னிக்கே துன்னுடணும். மீந்தத கீழ ஊத்திடுங்க.'

அடிப்பாவி! அழுகை போன இடம் தெரியவில்லை. தட்டினேன்: "ஏன்டி, நீ மீன்காரிதானா? மறுநாள் குழம்புக்காகத்தானே மனுஷன் மொத நாளே அடுப்பு மூட்டறான்! புளியும் உப்பும் மீன்ல ஊறி நிக்கிறதைக் கீழ ஊத்தச் சொல்றியே, உன் கை வெளங்குமா? சட்டியைத் தூக்கிக்கிட்டு நேரா குப்பத்துக்கே வந்துடுவேன், ஜாக்கிரதை!"

உடனே பதில் வந்தது.

"வாக்கா! சட்டிய எட்த்துக்கினு வா! உன்ன கண்டுபுடிக்கத்தான் அப்டி எழுதனேன். உன் கதைய எவன் வேணா காப்பி அடிப்பான், உன் வாய எவன் காப்பி அடிப்பான்?"

புதுக் கணக்கில் விழுந்த முதல் ஓட்டு அவளுடையது. ஞாயிற்றுக்கிழமை குப்பத்துக்குச் சட்டியோடு போனேன். சனிக்கிழமை வைத்த குழம்பு.