மாமா உட்கார ஒரு முகப்பு

வீட்டு முகப்பை எப்படி அமைத்தால் வருகிறவர்கள் ஆற அமர உட்காருவார்கள் என்று என்னைக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவேன். அத்தனையும் ஒரே ஒரு மனிதருக்காக யோசித்தது. அவர் என் அக்காவின் கணவர். அவர் அங்கே ஒரு நாளும் உட்காரவில்லை.

எங்கள் பக்கம் படியேறி வருகிறவர்களை 'வாங்க' என்று கேட்டாக வேண்டும். சோறு போடாவிட்டால்கூட மன்னித்துவிடுவார்கள். வாங்க கேட்காவிட்டால் சாகும்வரை சொல்லிக் காட்டுவார்கள். இது தெரிந்த நான்தான் அந்தத் தப்பைச் செய்தேன்.

அப்போது வீட்டின் முன்பக்கம் முழுக்க பனியன் பண்டல்கள். செக்கிங், பேக்கிங் எல்லாம் அங்கேதான். மறுநாள் சரக்கு போக வேண்டும்; ஆர்டர் கொடுத்த கம்பெனியின் மெர்ச்சண்டைசர் போனில் என்னைக் காய்ச்சிக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து அக்காவும் மாமாவும் மகள் கல்யாணப் பத்திரிகையோடு வந்தார்கள். தாய்மாமன் வீட்டுக்கென்று முதல் பத்திரிகை. நான் போனைக் காதிலிருந்து எடுக்காமல், கையைத் தூக்கி இருக்கச் சொன்னேன். உட்கார ஒரு நாற்காலி இல்லை. மாமா கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு பத்திரிகையைப் பண்டல் மேல் வைத்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார். அக்காவும் பின்னாலேயே போய்விட்டாள்.

கல்யாணத்துக்குப் போனேன், தாய்மாமன் சீர் செய்தேன். ஊர் வாய்க்காக என்னைச் சபையில் நிறுத்தினார்கள். அதோடு போக்குவரத்து நின்றது. நேரில் போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேலை, வேலை என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அது திமிர்.

பண்டல்களை வாடகை ஷெட்டுக்கு மாற்றியதும் முன்பக்கத்தை இடித்துக் கட்டினேன். இன்ஜினியர் பளபளப்பான கிரானைட் போடலாம் என்றார். வழுக்கும், சொரசொரப்பான டைல்ஸ் போதும் என்றேன். படிகளின் உயரத்தைக் குறைத்து, பிடித்து ஏறக் கம்பி வைத்தேன். மேற்கு வெயில் முகத்தில் அடிக்காதபடி கூரையை இரண்டடி முன்னால் இழுத்தேன். முட்டி வலிக்காரருக்குத் தாழ்வான சோபா ஆகாது. தேக்கில் கொஞ்சம் உயரமாக, ஊன்றி எழுந்திருக்க அகலமான கை வைத்து ஒரு நாற்காலி செய்யச் சொன்னேன். பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பு வைக்க ஒரு முக்காலி. ஆசாரி அளவு கேட்டபோது மாமாவின் உயரத்தைத்தான் சொன்னேன்.

நாற்காலி வந்து இறங்கியதுமே என் மனைவிக்கு விளங்கிவிட்டது. மாமா அவளுக்கு அண்ணன் முறை.

"ஏனுங்க, சேரு செஞ்சு போட்டா மட்டும் அண்ணன் வந்துருவாங்களா? போயி ஒரு வார்த்தை கூப்புட்டுட்டு வாங்க" என்றாள்.

பெயின்ட் காயட்டும் என்றேன். தொட்டிச் செடி தழையட்டும் என்றேன். எல்லாம் முடிந்தபின் போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, 'எல்லாரும் வாங்க' என்று எழுதினேன். பத்துப் பேர் கும்பிடு அனுப்பினார்கள். மாமாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. இவ்வளவு செய்தும் இறங்கி வரமாட்டாரா என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

அடுத்த வாரம் விடிகாலையில் போன் வந்தது. மாமாவுக்கு நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. அக்கா வீட்டு வாசலில் நான் ஏறியபோது யாரும் வாங்க கேட்கவில்லை. துக்க வீட்டில் யாரையுமே கேட்க மாட்டார்கள். மற்றவர்களோடு மற்றவனாகப் போய் நின்றேன்.

காரியமெல்லாம் முடிந்த அன்று அக்கா என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"நீ போட்ட போட்டோவப் பெருசு பண்ணிப் பெருசு பண்ணிப் பாத்தாரு கண்ணு. 'உன்ற தம்பி அந்தச் சேர எனக்குத்தான் போட்டிருக்கறான், கூப்புட வருவான் பாரு'ன்னாரு. ரெண்டு நாளு வெள்ளைச் சட்டையப் போட்டுட்டு வெளியவே ஒக்காந்திருந்தாரு."

எங்கள் வீட்டிலிருந்து அங்கே போக வண்டியில் ஒரு மணி நேரம்தான் ஆகும்.