டெல்பர்ட் வெளியே வரக் கூடாத ஆட்டம்

டெல்பர்ட் க்ரோகர் பால் லாரி ஓட்டுகிறவர். அயோவாவில், ஆற்றுக்கு மேற்கே இருக்கிற பண்ணைகளுக்கெல்லாம் விடியற்காலையில் போய்ப் பாலை ஏற்றிக்கொண்டு வருவார். மாடு கூட அவரைப் பார்த்தால் தலையாட்டும். கோபம் என்றால் கிலோ என்ன விலை என்று கேட்கிற மனுஷன். அவருக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. மேற்குக் கரை ஜெயிப்பதை ஒரு தடவையாவது தன் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

ஒவ்வொரு ஜூலையிலும் கிழக்குக் கரைப் பள்ளிகளின் பொறுக்கியெடுத்த பையன்களும் மேற்குக் கரைப் பள்ளிகளின் பொறுக்கியெடுத்த பையன்களும் பேஸ்பால் ஆடுவார்கள். மேற்கு தொடர்ந்து இருபத்திரண்டு வருஷம் தோற்றிருந்தது. மழையில் தோற்றது, வெயிலில் தோற்றது, ஒரு வருஷம் எதிரணிக்கு வயிற்றுப்போக்கு வந்தபோதும் தோற்றது. இருபத்திரண்டையும் டெல்பர்ட் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். வேறு யாராவது என்றால் மீன் பிடிக்கப் போயிருப்பார்கள். இவர் ஒவ்வொரு வருஷமும் புதுச் சட்டை வாங்கினார்.

அவர் மனைவி மேவிஸ் பேஸ்பால் பக்கம் தலைவைத்தும் படுக்காதவள். "தடியை வச்சுக்கிட்டு நிக்கிறத மூணு மணி நேரம் பாக்கறதுக்கு நான் வேலியப் பாத்துட்டு இருப்பேன்" என்பாள். இந்த வருஷம் அவள் மைதானத்துக்கு வந்ததே சர்ச்சுக்காகச் செர்ரிப் பழம் வைத்துச் சுட்ட பை என்கிற பலகாரம் விற்கத்தான்.

மூன்றாவது இன்னிங்ஸில் வழக்கம்போலக் கிழக்கு நாலுக்குப் பூஜ்யம் என்று முன்னால் இருந்தது. டெல்பர்ட் அதற்குள் நாலு சோளக்கதிரும் ஒரு வாளி எலுமிச்சைச் சாறும் உள்ளே தள்ளியிருந்தார். எழுந்து, மேவிஸின் பை கடைக்குப் பின்னால் நிறுத்தியிருந்த ஒரே பிளாஸ்டிக் கழிப்பறைக்குள் போனார். கதவைச் சாத்தின மறுகணம் மைதானம் அலறியது. மேற்கு அடித்த பந்து வேலிக்கு அப்பால் போய்விட்டது.

மனுஷனுக்கு இருப்புக்கொள்ளுமா? பாதி வேலையில் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அடுத்த ஆள் அவுட். சலித்துக்கொண்டு உள்ளே போனார். மறுபடி அலறல், இரண்டு ரன். எட்டிப் பார்த்தார். இன்னொருத்தன் அவுட். மூன்றாவது தடவை அவர் தலை வெளியே வந்தபோது, எதிரே பை வாங்க நின்றிருந்த ஹார்லி ஸ்டுபன் கையைக் காட்டித் தடுத்தார். ஹார்லி விதைக்கடைக்காரர், டெல்பர்ட்டுக்கு இருபது வருஷப் பழக்கம்.

"யோவ் டெல்பர்ட், அசையாதய்யா. உள்ள போ."

"ஏன்யா?"

"நீ உள்ள இருந்தா நாம அடிக்கிறோம். வெளிய வந்தா அவுட்டாகுறோம். நான் ரெண்டு தடவ பாத்துட்டேன்."

"ஒனக்கு மூளை கழண்டுருச்சா?"

"சரி, ஒண்ணே ஒண்ணு சொல்லு. நாம கடைசியா ஜெயிச்ச வருஷம் நீ எங்க இருந்த?"

டெல்பர்ட் யோசித்தார். அது அவர் கல்யாணம் பண்ணிக்கொண்டு இந்த ஊருக்குக் குடிவந்த வருஷம். ஆட்டத்தன்று ஆஸ்பத்திரியில் இருந்தார், குடல்வால் ஆபரேஷன். அதற்கு அடுத்த வருஷத்திலிருந்துதான் முதல் வரிசை.

அவர் முகத்தைப் பார்த்து ஹார்லிக்கே பாவமாகிவிட்டது. "இந்த ஒரு இன்னிங்ஸ் மட்டும்ப்பா" என்றார். டெல்பர்ட் தானாகவே கதவைச் சாத்திக்கொண்டார்.

அந்த இன்னிங்ஸில் மேற்கு ஒன்பது ரன் எடுத்தது.

பிறகு யார் விடுவார்கள்? பேஸ்பால்காரர்களிடம் இந்த விஷயத்தில் நியாயம் பேசவே முடியாது. ஜெயிக்கிற வரைக்கும் காலுறை துவைக்காத கூட்டம் அது. நல்ல பெண்கள் அந்த வாசனையோடு குடித்தனம் நடத்துகிறார்கள். ஸ்கோர் அறிவிக்கிற ஆளே மைக்கில் சொல்லிவிட்டார்: "டெல்பர்ட் க்ரோகர் அவர்கள் இருக்கிற இடத்திலேயே இருக்கும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்." மற்றவர்கள் அவசரத்துக்குச் சோளக்காட்டுக்குப் போனார்கள். மானம் போனாலும் யாரும் முணுமுணுக்கவில்லை.

உள்ளே வெயில் வேகவைத்தது. நாற்றத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. காற்றுக்கு விட்டிருந்த துளை அவர் தலைக்கு மேலே இருந்ததால் வானம் மட்டும் தெரிந்தது. ஒவ்வொரு அலறலுக்கும் அவர் துடித்துப்போனார். "என்ன ஆச்சு? யாராவது சொல்லுங்களேன்!" என்று சுவரைத் தட்டினார்.

கடைசியில் மேவிஸ் பை கடையை இன்னொருத்தியிடம் விட்டுவிட்டு, மடக்கு நாற்காலியைக் கழிப்பறைக் கதவை ஒட்டிப் போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்றேன் கேளு. ஒல்லியா ஒருத்தன் நிக்கிறான்."

"பிட்சரா, பேட்டரா?"

"தடி வச்சிருக்கான். அடிச்சுட்டான். ஓடுறான். இன்னும் ஓடுறான். பாவம், பேன்ட் நழுவுது."

"பந்து எங்க போச்சு மேவிஸ்?"

"பந்த யாரு பாத்தா? நான் பேன்ட்ட பாத்தேன்."

இப்படியே பதினேழு, இருபது, இருபத்திநாலு. மேற்கு இருபத்திநாலு, கிழக்கு நாலு. அந்த மைதானத்தில் அப்படியொரு அடியை யாரும் கண்டதில்லை. ஏழாவது இன்னிங்ஸ்தான் கடைசி. கிழக்கு பேட் பிடித்தது. இரண்டு பேர் அவுட். இன்னும் ஒரே ஒரு அவுட்.

டெல்பர்ட்டால் முடியவில்லை. கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார்.

"இருபது ரன் முன்னால இருக்கோம்யா! ஒரே ஒரு அவுட்டு, அத மட்டும் கண்ணால பாத்துக்கறேன். கணக்குப் போட்டுப் பாருங்க, எப்படித் தோப்போம்?"

"இருபத்திரண்டு வருஷமும் கணக்கு நல்லாத்தான் இருந்துச்சு" என்றார் ஹார்லி.

அதற்குள் மேற்கின் பிட்சர் எறிந்த பந்து எதிராளி முதுகில் பட்டது. ஓசியாக ஒருத்தன் முதல் தளத்துக்குப் போனான். அடுத்தவனுக்கு நாலு பந்தும் கோணல், அவனும் போனான். மூன்றாவதும் அப்படியே. கூட்டம் மொத்தமும் ஆட்டத்தை விட்டுவிட்டு அந்த ஒரு காலைப் பார்த்தது. டெல்பர்ட் காலை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அடுத்த பந்தில் ஆட்டம் முடிந்தது.

ஊரே குதித்தது. கதவைத் திறந்து அவரை வெளியே கொண்டுவந்தபோது டெல்பர்ட் வியர்வையில் ஊறி, கழிப்பறையில் ஊற்றுகிற நீலத் திரவத்தின் வாசனையோடு, சிரித்துக்கொண்டும் மூக்கைச் சிந்திக்கொண்டும் நின்றார். "ஜெயிச்சோமில்ல? அது போதும்" என்றார். போதாது என்பது எல்லாருக்கும் தெரிந்தது. மேவிஸ் எழுந்து நேராக மைதானத்துக்குள் நடந்து போய் இரண்டு கோச்சுகளையும் பிடித்தாள்.

"அந்தக் கடைசி பந்த மறுபடி போடுங்க. அந்த ஆளு பாக்கணும். ஒரு தடவ."

கிழக்கின் பையன்கள் தங்கமானவர்கள். கடைசியாக அவுட்டானவனே பேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தான். "மெல்லமா தூக்கி அடிக்கிறேன், பிடிச்சுக்கோங்க. மாமா பாக்கட்டும்" என்றான். டெல்பர்ட்டை முதல் வரிசையில் அவர் இடத்திலேயே உட்காரவைத்தார்கள். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

பிட்சர் குழந்தைக்குப் போடுவதுபோலப் போட்டான். பையன் மெல்லத்தான் அடித்தான், சத்தியமாக. பந்து எழும்பியது. எழும்பிக்கொண்டே போனது. பிடிக்க நின்றவனின் தலையைத் தாண்டி, வேலியைத் தாண்டி, சோளக்காட்டுக்குள் விழுந்தது. அடித்த பையன் பேட்டைக் கீழே போட்டுவிட்டு, "மன்னிச்சுருங்க மாமா" என்றான்.

ஹார்லி தலையில் கை வைத்துக்கொண்டார்.

டெல்பர்ட் எழுந்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டு, ஒருவரும் ஒன்றும் சொல்வதற்கு முன்னால், கழிப்பறைக்கு நடந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஊர் எழுந்து நின்று கை தட்டியது.

"ஸ்கோர் மாறலையே?" என்று உள்ளிருந்து கேட்டார்.

"மாறல. கோப்பையத் தூக்குறாங்க" என்றாள் மேவிஸ். நாற்காலியை மறுபடி கதவை ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அந்த ஒல்லிப் பையன்தான் தூக்குறான். பேன்ட்ட ஒரு கையால பிடிச்சுக்கிட்டு. ஜெயிச்ச பந்தையும் பாத்து வச்சிருக்கேன், அது கோச் பாக்கெட்டுல இருக்கு."

"சொல்லு" என்றார் டெல்பர்ட். "ஒண்ணையும் விடாம சொல்லு."